பார்க்கிங் ஓடுது

தம்பி, தமிழா? போன்ல பேசுனதக் கேட்டேன். 'லேண்ட் ஆயிருச்சாம், பெட்டிக்கு நிக்கிறாங்களாம்'னு சொன்னீங்கள்ல, அதான். யாரு வர்றா, அம்மாவா? ஓ, அம்மாவும் அப்பாவுமா. சரிதான். கையில பூ வேற. எதுக்கு தம்பி இந்த வேண்டாத வேலை? பாத்ததும் 'இந்தப் பூ என்ன வெல?'ன்னுதான் கேப்பாங்க. வெலையச் சொன்னீங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு அவங்களுக்கு. உக்காருங்க, உக்காருங்க. அவங்க பெட்டிய எடுத்துட்டு வெளிய வர நேரம் ஆகும்.

நான் எங்கம்மாவ மேல கொண்டு போய் விட்டுட்டு இப்பத்தான் இறங்கி வர்றேன். துபாய் வழியா மதுரை. நமக்குச் சாத்தூர் பக்கம். கார் கீழ நிக்குது, பார்க்கிங் ஓடிட்டிருக்கு. இந்தக் காப்பியக் குடிச்சதும் கெளம்பிருவேன்.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நம்மூர்ப் பெத்தவங்களுக்கு வெளிநாட்டச் சுத்திக் காட்டுறது செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரி. நான் ஊதிப் பாத்தவன். ரெண்டு மாசம் ஊதுனேன். இந்த ஹாம்பர்க்ல எம்புட்டு இருக்கு! ஏரி இருக்கு, துறைமுகம் இருக்கு, ஆத்துக்கு அடியில சுரங்கப்பாதை இருக்கு. கப்பல்ல ஏத்துனேன், டவுன் ஹால் காட்டுனேன், பொம்மை ரயிலு ஒரு மாடி பூரா ஓடுது, அதக் காட்டுனேன். எதக் காட்டுனாலும் ஒரே வார்த்தை. 'நல்லாருக்குப்பா.' அம்புட்டுதான். அந்தச் சுரங்கத்துக்குள்ள நிக்குறோம், தலைக்கு மேல கப்பல் போகுது, 'நல்லாருக்குப்பா'. ரொட்டிக் கடையில நிக்குறோம், 'நல்லாருக்குப்பா'. ரெண்டுக்கும் ஒரே மார்க்கு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

சுத்திப் பாக்க வந்த ஆளா இருந்தா பரவால்ல. எங்கம்மா வந்ததே வேற காரியத்துக்கு. அது எனக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு. போன ஐப்பசியில எங்கப்பா தவறிட்டாரு.

'உச்' கொட்டாதீங்க தம்பி. முடிஞ்ச கதை. சைக்கிள் கடை வச்சிருந்தாரு, வயசாச்சு, போயிட்டாரு. எனக்கு அப்ப ஆபீஸ்ல புது சிஸ்டம் லைவ் போற வாரம். நான் இல்லேன்னா ஒண்ணும் நகராது. அப்புறம் அந்த வாரம் லைவ் போகல, ரெண்டு மாசம் தள்ளி வச்சுட்டாங்க, அது வேற விசயம். சித்தப்பா மகன் காளிராஜ் போனத் தூக்கிப் பிடிச்சு எல்லாத்தையும் காட்டுனான். ஒரு ஸ்கிரீன்ல மீட்டிங், ஒரு ஸ்கிரீன்ல அது. பூரா பாத்தேன், நடுவுல கொஞ்சம் நின்னு நின்னு வந்துச்சு. கொள்ளியும் அவனே வச்சான். ஊர்ல அதுக்கு ஒரு பேச்சு. யாரு வச்சா என்ன தம்பி, தீ எரியத்தான செய்யும்?

வருசம் திரும்பல, அதுக்குள்ள எங்கம்மா 'உன்னைப் பாக்கணும்'னு ஒத்தக் கால்ல நிக்குது. சொந்தக்காரங்க எல்லாம், வருசம் திரும்புற வரைக்கும் வீட்ட விட்டுக் கெளம்பக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. கேக்கல. சரி, பாவம், ஊர் சுத்திப் பாக்க ஆசைப்படுது போலன்னு நானும் டிக்கெட் போட்டேன்.

இதே எடம். அந்தா, அந்தக் கண்ணாடிக் கதவுதான். கதவு திறக்குது, தள்ளுவண்டியில ரெண்டு பெட்டி, மேல ஒரு மஞ்சப்பை, எங்கம்மா வருது. என்னையப் பாத்துச்சோ இல்லையோ, வண்டிய அப்படியே விட்டுட்டு ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிருச்சு. 'ராசா... அப்பா போயிட்டாருடா ராசா'ன்னு ஒரு சத்தம் எடுத்துச்சு பாருங்க! ஏர்போர்ட்டே திரும்பிப் பாக்குது. ஆத்தாடி, எனக்கு ஒடம்பு கூசிப்போச்சு.

நம்ம பக்கம் அப்படி ஒரு பழக்கம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சாவுக்கு வராதவன் மொத தடவ வர்றப்ப கட்டிப் பிடிச்சுச் சேந்து அழணும். வெளியூர்ல இருந்து எவன் வந்தாலும் வாசல்லயே ஆரம்பிச்சிருவாங்க. அதுக்கு ஒரு எடம் வேணாமா? நான் என்ன செஞ்சேன், மெதுவா கைய எடுத்துவிட்டேன். 'அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. பார்க்கிங் ஓடுது, வா'ன்னேன். ஒரே வார்த்தை. நின்னுபோச்சு. முந்தானையால மூஞ்சத் தொடச்சுக்கிட்டுப் பேசாம பின்னாடி வந்துச்சு. அதுக்கப்புறம் எங்கிட்ட அழவே இல்லையே! எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொன்னா கேப்பாங்க தம்பி. நீங்களும் இன்னைக்குச் சொல்லிப் பாருங்க.

ஆனா அழலயே தவிர, பேச்ச அங்கிட்டே கொண்டு போகும். அந்தச் சுரங்கப்பாதையில நிக்கிறப்ப, செவுத்தத் தொட்டுப் பாத்துட்டு, 'உங்கப்பாவுக்குத் தண்ணின்னா பயம்டா, கெணத்தப் பாத்தாலே...'ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் உடனே, 'அம்மா, இது கட்டி நூறு வருசத்துக்கு மேல ஆச்சு தெரியுமா'ன்னேன். டவுன் ஹால் கோபுரத்தடியில, 'கடைசியா உங்கப்பா...'ன்னுச்சு. 'இது எம்புட்டு ஒசரம்னு சொல்லு பாப்போம்'னேன். அது ஆரம்பிக்கும், நான் ஒரு ஒசரத்தச் சொல்லுவேன். ஏரிக்கரையில சொல்றதுக்கு ஒசரம் இல்லாமப் போச்சு, ஆழத்தச் சொன்னேன். ஆழம் எனக்கு நெசமா தெரியாது, ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன். எங்கம்மா என்ன அளந்தா பாக்கப்போகுது?

போட்டோ எடுத்தா சிரிக்காது. 'சிரிம்மா, ஊருக்கெல்லாம் அனுப்பணும்'னா, 'வருசம் திரும்பலய்யா'ங்கும். அப்புறம் எதுக்கு வந்த? வீட்லயே இருந்துருக்க வேண்டியதுதான? இத நான் வாய்விட்டுக் கேக்கல. ஒருநாள் கேட்டேன், ஆனா மெதுவாத்தான் கேட்டேன்.

துபாய்க்கு என்ன போட்டுருக்கான்? கண்ணாடி கொண்டு வரல, போர்டப் பாருங்க கொஞ்சம். இன்னும் கேட் போடலயா? சரி சரி. உள்ள உக்காந்துருக்கும். தண்ணி கூட வாங்கிக் குடிக்கத் தெரியாது.

இதெல்லாம் கெடக்கட்டும். மானத்த வாங்குன கதைய இன்னும் சொல்லல. எங்க வீட்டுக்கு நேர் எதுர் வீட்ல ஒரு ஜெர்மன்காரக் கெழவன் கெழவி. ஃப்ராவ் பீட்டர்சன்னு அந்தம்மா பேரு. நான் அந்த வீட்டுக்குக் குடி வந்து ஏழு வருசமாச்சு, எங்களுக்குள்ள பேச்சு ரெண்டே தடவ. ஒரு தடவ 'செருப்பப் படியில விடாதீங்க'ன்னுச்சு. ஒரு தடவ 'மசாலா வாடை வருது'ன்னுச்சு. அளவாப் பழகுவாங்க தம்பி, அதுதான் இந்த ஊர்ல எனக்குப் புடிச்சதே. எங்கம்மா வந்ததும் வராததுமா, அந்தக் கெழவன லிப்ட்ல பாக்குறப்பல்லாம் கையெடுத்துக் கும்புடும். அவரும் தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுட்டு, பதிலுக்குக் கும்புடுவாரு. நான் பக்கத்துல ஃபோனப் பாத்துட்டு நிப்பேன், வேற என்ன செய்ய?

ஒருநாள் காலையில கறுப்புக் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. எங்கம்மா ஜன்னல்லயே நிக்குது. 'அந்த வீட்ல எழவு விழுந்துருச்சுடா'ங்குது. 'உனக்கு எப்படித் தெரியும்?' 'அவரத் தொப்பி இல்லாம கொண்டு போறாங்களே'ங்குது. சரி விடும்மா, இங்க அதெல்லாம் போய்க் கேக்கக் கூடாது, ஒரு வாரம் கழிச்சு ஒரு கார்டு வாங்கித் தபால் பெட்டியில போட்டாப் போதும்னேன். போட்டேனான்னு கேக்காதீங்க, கடைப்பக்கம் போக நேரமில்ல.

மறுநாள் படகுச் சவாரிக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். கெளம்பி வெளிய வந்தா, எங்கம்மா கையில தூக்குவாளி. சாத்தூர்ல இருந்து காரச்சேவு போட்டுக் கொண்டு வந்த தூக்குவாளி. அதுல வரக்காப்பி. 'கேத வீட்ல அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டுக்காரங்கதான் கொண்டு போகணும்'னுட்டு நேரா எதுர் வீட்டு பெல்ல அமுக்கிருச்சு! நான் 'அம்மா, அம்மா'ங்குறேன். கதவு திறந்துருச்சு. என்ன செய்ய முடியும்?

எங்கம்மா உள்ள போச்சு. அந்தம்மாவோட ரெண்டு கையையும் புடிச்சுச்சு. சோபா இருக்கு, நாற்காலி இருக்கு, அதெல்லாம் ஆகாது, தரையில உக்காந்துச்சு. உக்காந்து அழ ஆரம்பிச்சிருச்சு. அது சாதாரண அழுகை இல்ல. வந்ததுல இருந்து சேத்து வச்சு... இல்ல, எதுக்குச் சொல்றேன்னா, சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்கு! பேரு தெரியாது, பாசை தெரியாது, லிப்ட்ல கும்புட்ட பழக்கம், அதுக்கு இம்புட்டு அழுகையா? அந்த ஃப்ராவ் பீட்டர்சன் மொதல்ல கட்டை மாதிரி நின்னுச்சு. அப்புறம் மெதுவா, முட்டியப் புடிச்சுக்கிட்டு, அதுவும் தரையில உக்காந்துச்சு. உக்காந்து அதுவும் அழுகுது. நான் வாசல்ல நிக்குறேன், கையில படகு டிக்கெட்.

எங்கம்மா அழுதுகிட்டே பேசுது. 'எம் புருசன் கெடையில கெடந்தப்ப வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு தாயி. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டாலே, அவன்தான் வர்றான், கதவத் தொறன்னாரு. மூணு நாளு கதவச் சாத்த விடல. அவன் வரல தாயி. உம் புருசன் போறப்ப யாரு இருந்தா?' இதான் பேச்சு. ஃப்ராவ் பீட்டர்சன் என்னையப் பாத்து, 'என்ன சொல்றாங்க?'ன்னு கேட்டுச்சு.

'ரொம்ப வருத்தமாம்'னேன்.

அம்புட்டு நேரம் பேசுனதுக்கு இம்புட்டுதானான்னு அந்தம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. 'எங்க பாசை கொஞ்சம் நீளமான பாசை'ன்னேன். வேற எப்படிச் சமாளிக்கிறது? அதுல பாருங்க தம்பி, அந்தக் கதவு விசயம் எனக்கே புதுசு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெத்த மகன் கூடயே சுத்துது, கப்பல்ல சுத்துது, கோபுரத்துக்குக் கோபுரம் சுத்துது, எங்கிட்டச் சொல்லாம பாசை தெரியாத பொம்பளைட்டப் போய்ச் சொல்லுது. என்ன மனுசங்க! நம்மாளுகளுக்கு யாருகிட்ட எதச் சொல்லணும்னு ஒரு வெவஸ்தையே கெடையாது.

அப்புறம் ஒண்ணு பண்ணுச்சு. அழுது முடிச்சதும் படக்குனு எந்திருச்சு, முந்தானைய இழுத்துச் சொருகுச்சு, ஒரு வார்த்தை பேசாம விறுவிறுன்னு வெளிய வந்துருச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. அந்தம்மா திகைச்சுப் போயி நிக்குது. நான்தான் ஜெர்மன்ல நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தேன். லிப்ட்ல வச்சுத் திட்டுனேன். 'காட்டுமிராண்டி மாதிரி, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?' அதுக்கு எங்கம்மா, 'கேத வீட்ல போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதுடா. திரும்பி வர்ற எடமா அது? எந்திருச்சு வந்துரணும். உனக்கு இது கூட மறந்துபோச்சா'ங்குது. படகு போயிருச்சு. டிக்கெட் வீணு.

ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா தூக்குவாளியத் திருப்பிக் கொண்டு வந்துச்சு. உள்ள நிறைய செர்ரிப் பழம். 'வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு'ன்னு எங்கம்மாவுக்கு ஒரே பெருமை. அன்னையில இருந்து தெனமும் அங்கதான். இது தமிழ்ல பேசும், அது ஜெர்மன்ல பேசும். நான் லீவு போட்டு ஊர் சுத்திக் காட்டக் கூப்புடுறேன், 'இன்னைக்கு வேணாம்ப்பா, அவ தனியா இருப்பா'ங்குது. ஒருநாள் லிப்ட்ல அந்தம்மா என்னைய நிறுத்தி, 'உங்கப்பா இறந்துட்டாராமே, போட்டோ காட்டுனாங்க. நீங்க சொல்லவே இல்லையே'ன்னு கேக்குது. 'நீங்க கேக்கலையே'ன்னேன். ஆபீஸ்லயே யாருக்கும் தெரியாது, இது யாரு கேக்க? நான் சொல்லி என்ன ஆகப்போகுது? எந்திருச்சா வந்துரப் போறாரு?

போர்டிங் போட்டுட்டானா? ம். சரி. போட்டுருவான், இன்னும் டயம் இருக்கு. நான் கெளம்பணும் தம்பி, பார்க்கிங் வேற. இருங்க, கதைய முடிச்சுட்டுப் போறேன்.

போன வாரம் எங்கம்மா வந்த காரியம் வெளிய வந்துச்சு. சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். எதுர்ல உக்காந்து, 'ராசா, ஐப்பசியில அப்பாவுக்கு வருசத் தெவசம். கொள்ளிதான் காளிராஜு வச்சான். இதையாவது நீ வந்து செய்யணும்யா. அதக் கேக்கத்தான் வந்தேன்'னுச்சு. பாருங்க, இதக் கேக்கப் ப்ளேன் ஏறி வரணுமா? போன்லயே கேட்டுருந்தா போன்லயே சொல்லிருப்பேன்ல? ஐப்பசின்னா எங்களுக்கு வருசக் கடைசி வேலை ஆரம்பிக்கிற நேரம். நான் கோவப்படல. பக்குவமாத்தான் சொன்னேன். 'அம்மா, இப்ப ராமேஸ்வரத்துல ஆன்லைன்லயே புக் பண்ணலாம். ஐயரே எல்லாம் பாத்துக்குவாரு. லிங்க் அனுப்புவாங்க, இங்க இருந்தே பாக்கலாம். போன தடவ மாதிரி'ன்னேன்.

போன தடவ மாதிரின்னு சொன்னது எதுக்குன்னா, அதுக்குப் புரியட்டும்னு ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.

என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம், 'இன்னும் கொஞ்சம் சோறு போடவா'ன்னுச்சு. போட்டுச்சு. கை கழுவிட்டு வந்தப்புறம், 'எனக்கு டிக்கெட்ட மாத்திக் குடுத்துருப்பா, நான் கெளம்புறேன்'னுச்சு. விசா இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அடுத்த வாரம் சுவிட்சர்லாந்து போக எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. பனிமலை காட்டலாம்னு இருந்தேன். மலையோட ஒசரம் எல்லாம் பாத்து வச்சிருந்தேன். நன்றி கெட்ட ஜென்மம்னு சொன்னா அம்மாவ அப்படிச் சொல்லலாமாம்பீங்க. வேற எப்படித்தான் சொல்றது?

இன்னைக்குக் காலையில வீட்டுல எம் பொண்டாட்டி சுபத்ராகிட்ட, 'போயிட்டு வரேன் தாயி'ன்னுச்சு. எம் பொண்ணு கன்னத்தத் தடவி, 'அப்பத்தா போயிட்டு வரேன் கண்ணு'ன்னுச்சு. மேல பெட்டி வாங்குன வெள்ளக்காரப் பொண்ணுகிட்டக் கூட, 'போயிட்டு வரேம்மா'ன்னுச்சு தம்பி. அந்தப் பொண்ணு முழிக்குது.

நான் செக்கிங் வாசல் வரைக்கும் போனேன். பாஸ்போர்ட்டக் கையில குடுத்தேன், துபாய்ல எங்க மாறணும்னு சொன்னேன், மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிருச்சு. எம் மூஞ்சிய ஒரு தடவ நல்லாப் பாத்துச்சு. படக்குனு முந்தானைய இழுத்துச் சொருகுச்சு. விறுவிறுன்னு உள்ள போயிருச்சு.

ஒரு வார்த்தை சொல்லல.

மறதிதான். வயசாயிருச்சுல்ல. பாஸ்போர்ட்டு, செக்கிங்கு, செருப்பக் கழட்டுன்னு ஒரே பதட்டம், அதுல மறந்துருச்சு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுனேன். திரும்பல. 'அம்மா, ஏதாவது சொல்லிட்டுப் போம்மா'ன்னு சத்தம் போட்டுக் கூடக் கூப்புட்டேன். எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. பாத்தாப் பாக்கட்டும்னு இன்னொரு தடவையும் கூப்புட்டேன். கேக்கல போல. கண்ணாடி கனமான கண்ணாடி.

போன் அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. அதுக்குப் போன எடுக்கவே தெரியாது, எப்பவும் அப்பாதான் எடுத்துக் குடுப்பாரு.

என்ன, போர்டுல துபாய் போயிருச்சா? பேரே காணோமா? நல்லாப் பாத்தீங்களா? ம். அப்பக் கெளம்பிருச்சு.

இல்ல, காப்பி போதும் தம்பி. ஆறிப்போச்சு. அந்தா, கதவு திறக்குது பாருங்க. அந்தப் பச்சைச் சேலையா? மஞ்சப்பை வச்சிருக்காங்களே, அவங்கதான? அழுதுட்டே வர்றாங்க பாருங்க. ஆரம்பிச்சுட்டாங்க. நம்மாளுக திருந்தவே மாட்டாங்க. போங்க, போங்க. தம்பி, பூவ விட்டுட்டுப் போறீங்க, இந்தாங்க, புடிங்க.

தம்பி, ஒரு நிமிசம். அப்படியே ஓடாதீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க.